வேலைக்கு ஒரு போன்: வாங்கும் முன்பும் வாங்கிய முதல் வாரத்திலும் எதை, எப்படிச் சோதிப்பது

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுத்த பையருக்கும் (வாங்குபவருக்கும்) துணி தயாராகும் இடங்களுக்கும் நடுவில் நின்று வேலையை முடிப்பவராக இருக்கும் ஒருவரிடமிருந்து போனை வாங்கி வைத்துக்கொண்டால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். காலையில் நிட்டிங்காரரிடம் துணி எப்போது இறங்கும் என்று கேட்பதில் ஆரம்பித்து, டையிங்கில் ஷேட் (கேட்ட சாய நிறம்) வந்ததா, பவர் டேபிளில் (தையல் பிரிவில்) எத்தனை பீஸ் முடிந்தது, பிரிண்டிங் ஏன் தாமதம் என்று பேசிப் பேசியே மதியமாகிவிடும். அப்புறம் ஜெர்மனியில் பையரின் ஆபீஸ் திறக்கும். அவர்களுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் வித்தியாசம், அதனால் நம்முடைய மாலை முழுவதும் பையருக்குப் பதில் எழுதுவதிலேயே போய்விடும். ஆனால் இந்த வேலைக்கு என்ன போன் வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் முதலில் பேசுவது கேமரா எத்தனை மெகாபிக்சல், ப்ராசசர் எது என்பதைத்தான். இரைச்சலில் நம் குரல் எதிர்முனைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ரிவ்யூ வீடியோக்களிலும் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கும், அதுவும் அமைதியான அறைக்குள் உட்கார்ந்து பேசிப் பார்த்துச் சொல்வது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலைக்கு வாங்குகிற போனை உங்கள் சிம்மைப் போட்டு, நீங்கள் வேலை செய்கிற இடத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அழைப்பு முதலில், மெயில் இரண்டாவது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அழைப்பில் தோற்ற போன் கேமராவில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் வேண்டாம். இது பனியன் கம்பெனிக்கு மட்டும் பொருந்துவது இல்லை, மருந்துக் கம்பெனி ரெப், சிவில் இன்ஜினியர், லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர் என்று பேசியே பிழைக்கும் யாருக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் உதாரணங்களை இங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு சாதாரண வேலை நாளில் எங்கே நின்று பேசுகிறீர்கள், எந்த சிம்மில் பேசுகிறீர்கள், எத்தனை மெயில் கணக்கு, எந்த மாதிரி ஃபைல்கள் வருகின்றன, இரவு எத்தனை மணி வரை போன் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிக்னல் மோசமாக இருக்கும் இடங்களைத் தனியாகக் குறியுங்கள். ஃபேக்டரியின் கீழ்த்தளக் குடோன், தகரக் கூரை போட்ட கட்டிங் செக்ஷன், லிஃப்ட் பக்கம், வீட்டில் படுக்கையறை என்று எல்லாருக்கும் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். பிற்பாடு சோதனை நடக்கப் போவது அங்கேதான்.

2. கடைக்குப் போகும் முன் கழித்துக்கட்ட வேண்டியவை

கையில் எடுத்துப் பார்க்காமலேயே பாதி மாடல்களை விலக்கிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது பேண்டுகள், அதாவது போன் பிடிக்கக்கூடிய அலைவரிசைகள். ஜியோ 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது பேண்ட் 5, 3, 40. ஏர்டெல்லுக்கு முக்கியமாக 1, 3, 8, 40. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, முக்கியம். 5ஜியில் எல்லாரும் பெரிதாகப் பேசுவது 3500 மெகாஹெர்ட்ஸ் என்78தான், ஆனால் ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸ் என்28 கட்டிடத்துக்குள் நன்றாக நுழையும், அதனால் ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கிற புது போன்களில் பெரும்பாலும் இவை எல்லாம் இருக்கும். துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த போன் என்றால்தான் கவனம். பேண்ட் இருந்தும் நம் ஊர் நிறுவனத்துக்கு வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) திறந்திருக்காமல் போகலாம். ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது, ஆகவே வோல்ட்டி இல்லாத போனில் ஜியோ சிம் போட்டால் சாதாரணமாகப் பேசவே முடியாது.

அடுத்து வைஃபை காலிங். கான்கிரீட்டுக்குள் சிக்னல் வராத ஆபீஸுக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை, தனியாக எந்த ஆப்பும் வேண்டாம், ஆபீஸ் வைஃபையில் இணைந்திருந்தாலே உங்கள் சாதாரண நம்பருக்கு அழைப்பு வரும். ஆனால் அந்த மாடலுக்கு உங்கள் நிறுவனம் அதை அனுமதித்திருக்க வேண்டும். இரண்டு சிம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கால் ரெக்கார்டிங். விலை பேசுகிற, அளவு சொல்லுகிற அழைப்புகளைப் பதிவு செய்து வைப்பது நம் தொழிலில் பழகிப்போன விஷயம். 2022 மே மாதத்திலிருந்து ப்ளே ஸ்டோர் ஆப்கள் மூலம் பதிவு செய்வதை கூகுள் நிறுத்திவிட்டது, போனோடு வருகிற டயலரில் இருந்தால்தான் உண்டு. கூகுள் டயலர் வருகிற போன்களில் பதிவு ஆரம்பித்ததும் இரு பக்கமும் ஒரு அறிவிப்புக் குரல் ஒலிக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதல் இந்த வசதி உண்டு, அதிலும் அறிவிப்பு வரும். இந்தியாவில் விற்கிற சாம்சங் போன்களில் சாம்சங்கின் சொந்த டயலரே பதிவு செய்துகொள்ளும். எதுவாக இருந்தாலும் எதிரில் பேசுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பதிவு செய்வதுதான் முறை, வெளிநாட்டுப் பையர் என்றால் கட்டாயம் கேட்டுவிட வேண்டும்.

நான்காவது, எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பது. பேங்க் ஆப், ஆபீஸ் மெயில் எல்லாம் இருக்கிற போனுக்கு செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோனால் அதை வேலைக்கு வைத்திருக்கக் கூடாது. பிக்சல் 8 முதலும், கேலக்ஸி எஸ்24 வரிசை முதலும் ஏழு வருடம் தருவதாக அந்தந்த நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன, கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற விலை குறைந்த மாடலுக்கே ஆறு வருடம். விலை குறைந்த எல்லா மாடலுக்கும் இப்படி இருக்காது, இரண்டு வருடத்தில் கைவிடப்படுகிறவையும் இதே விலையில் விற்கின்றன. ஆகவே வாங்கப் போகும் மாடலின் பெயரைப் போட்டே தேடிப் பாருங்கள், பிராண்டை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக, சர்வீஸ் சென்டர். நம் ஊரில் இருக்கிறதா, டிஸ்ப்ளே உடைந்தால் எவ்வளவு, பாகம் கையிருப்பில் இருக்குமா அல்லது சென்னையிலிருந்து வர வேண்டுமா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஷிப்மெண்ட் வாரத்தில் போன் ஒரு வாரம் சர்வீஸில் கிடந்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

3. முடிந்தால் வாங்குவதற்கு முன்பே இரவல் வாங்குங்கள்

ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் கோளாறு இருந்தால் மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான். "எங்கள் குடோனில் சிக்னல் எடுக்கவில்லை", "தையல் மெஷின் சத்தத்தில் குரல் போகவில்லை" என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் கோளாறு கிடையாது. அதனால் அதே மாடலை வைத்திருக்கும் நண்பரையோ பக்கத்துக் கம்பெனிக்காரரையோ பிடித்து, அரை நாள் உங்கள் சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிச் சோதனை பணம் கொடுக்கும் முன்பே முடிந்துவிடும். இது முடியாவிட்டால் கடையில் டெமோ போனில் உங்கள் சிம்மைப் போட அனுமதி கேளுங்கள். தெரிந்த கடையில் மறுக்க மாட்டார்கள்.

கடையில் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒரு கையால் பிடித்துக் கட்டைவிரலால் மெயில் டைப் பண்ண முடிகிறதா பாருங்கள், மறு கையில் சாம்பிள் பீஸ் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திரையைப் பாருங்கள். சிம் ட்ரேயை வெளியே எடுத்து இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றனவா என்று பாருங்கள். இது போதும்.

4. அழைப்புச் சோதனை

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் சிக்னல். மேலே தெரியும் கட்டங்களை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி கட்டம் போடுகிறது. ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அடித்தால் பல மாடல்களில் போன் தகவல் பக்கம் திறக்கும், இல்லையென்றால் செட்டிங்ஸில் அபவுட் போனுக்குள் சிம் ஸ்டேட்டஸில் டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு) கணக்கில் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்பு பட்டனைத் தொட வேண்டும். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 90க்கு மேலே இருந்தால் நிம்மதியாகப் பேசலாம், மைனஸ் 110க்குக் கீழே போனால் திணறும், மைனஸ் 120 பக்கம் போனால் அழைப்பு அறுந்துவிடும். முதல் படியில் குறித்த மோசமான இடங்களில் பழைய போனையும் புதுப் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கம்பெனி சிம் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே பேண்டைப் பிடித்திருக்கும்போது பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். புதுப் போன் தொடர்ந்து ஏழெட்டு எண் பின்தங்கியிருந்தால் அதன் ஆன்டெனா உங்கள் இடத்துக்குப் போதவில்லை என்று அர்த்தம். கையில் இறுக்கிப் பிடித்தபடியும் ஒருமுறை பாருங்கள், கை மறைத்தால் எண் இறங்கும் போன்கள் இருக்கின்றன.

அடுத்து குரல். இதைத் தனியாகச் சோதிக்க முடியாது, எதிர்முனையில் ஒருவர் வேண்டும். அவரைத் தன் போனில் அழைப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் தையல் லைனுக்கு நடுவில் நின்று, வழக்கமாக அனுப்புகிற ஆர்டர் விவரத்தை வாசியுங்கள்: ஸ்டைல் நம்பர், சைஸ், பீஸ் எண்ணிக்கை, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குத் துணியின் எடை), கலர் கோடு. எண்களும் எழுத்துகளும் கலந்து இருக்க வேண்டும், "ஹலோ கேட்குதா" என்று மட்டும் பேசிப் பார்ப்பதில் பயன் இல்லை. பழைய குறுகிய அலைவரிசை அழைப்பில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், எஸ், எஃப் போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும் அதிர்வுகள். அதனால்தான் போனில் எஸ் என்று சொன்னது எஃப் என்று போய்ச் சேருகிறது. வோல்ட்டியில் ஹெச்டி வாய்ஸ் கிடைத்தால் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும், இவிஎஸ் என்கிற புதிய கோடெக் (குரலைச் சுருக்கி அனுப்பும் முறை) இரு பக்கமும் இருந்தால் அதைவிட மேலே. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளும் இங்கேதான் விளையாடும். சில போன்கள் மெஷின் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று குரலின் ஓரங்களையும் சேர்த்து நறுக்கிவிடும், எதிரில் இருப்பவருக்கு அமைதியாகத்தான் கேட்கும், ஆனால் வார்த்தையின் கடைசி எழுத்து இருக்காது. பதிவைப் போட்டுக் கேட்டால் இது உடனே தெரியும்.

இதே பதிவை நான்கு விதமாக எடுங்கள்: காதில் வைத்து, ஸ்பீக்கரில், நீங்கள் பயன்படுத்துகிற ப்ளூடூத் இயர்போனில், அப்புறம் ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே. ப்ளூடூத்தில் குரல் கெட்டால் பெரும்பாலும் குற்றம் இயர்போனுடையது, வேறொன்றை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேசும்போது திரை அணைகிறதா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். வேலை போனில் சின்னது இல்லை. விலை குறைந்த சில மாடல்களில் காது நெருங்குவதைக் கண்டுபிடிக்கத் தனி சென்சார் வைக்காமல் அல்ட்ராசவுண்ட் ஒலியை வைத்து மென்பொருளாலேயே சமாளிக்கிறார்கள். அது தடுமாறினால் பேச்சுக்கு நடுவில் திரை விழித்துக்கொள்ளும், கன்னம் பட்டு மியூட் விழும், ஹோல்டு போகும், எதிரில் இருப்பவர் "ஹலோ ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். ஒரு பத்து நிமிட அழைப்பில், வியர்த்த முகத்தோடு, நடந்துகொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டும் பேசிப் பாருங்கள். அழைப்பு முடிந்து காதிலிருந்து எடுத்ததும் திரை உடனே வருகிறதா, கறுப்பாகவே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. முதல் சிம்மில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது போனிலிருந்து இரண்டாவது சிம்முக்கு அடிக்கச் சொல்லுங்கள். பல போன்களில் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றுதான் வரும், ஏனென்றால் இரண்டு சிம்மும் காத்திருக்கும், ஒன்று பேசும்போது மற்றது அணைந்துவிடும். பையரோடு அரை மணி நேரம் பேசுகிற சமயத்தில் டையிங்கிலிருந்து வந்த அழைப்பு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். சில போன்கள் முதல் சிம்மின் டேட்டா வழியாக இரண்டாவது சிம்முக்கு அழைப்பைக் கொண்டுவரும், ஐபோனில் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்கைப் போட்டு வைத்தால் அது நடக்கும், அதுவும் உங்கள் நிறுவனம் வைஃபை காலிங் கொடுத்திருந்தால்தான். விளம்பரத்தில் டூயல் சிம் என்று எழுதியிருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, ஓடும்போது. பஸ்ஸில் அல்லது காரில், நீங்கள் ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வழக்கமாகப் போகிற பாதையில் பேசிக்கொண்டே போங்கள். டவர் மாறும் இடங்களில் குரல் ஒரு நொடி வெட்டுவது சாதாரணம். அழைப்பே அறுந்தால், பழைய போனிலும் அதே இடத்தில் அறுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனைக் குறை சொல்லுங்கள்.

5. மெயில் சோதனை

மெயிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போன் தூங்கும்போதும் மெயில் வருகிறதா என்பது. ஆண்ட்ராய்டு 6, அதாவது 2015 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களைத் தூங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் பேட்டரி மிச்சம் பிடிக்கத் தன் பங்குக்குக் கத்தரி போடுகிறது. சோதிப்பது சுலபம். மெயில் ஆப்பை ரீசன்ட்ஸிலிருந்து தள்ளி மூடிவிட்டு, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், போனை மேஜையில் ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். இன்னொரு கணக்கிலிருந்து சற்று இடைவெளி விட்டு மூன்று மெயில் அனுப்பி, அனுப்பிய நேரத்தையும் டிங் என்று வந்த நேரத்தையும் குறியுங்கள். இரவில் ஒருமுறை, காலையில் எழுந்தவுடன் பார்க்கும்படி, இதையே செய்யுங்கள். தாமதமானால் உடனே போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆப்பின் பேட்டரி அமைப்பில் அன்ரிஸ்ட்ரிக்டட் போடுங்கள், ஷியோமி என்றால் ஆட்டோஸ்டார்ட்டையும் திறந்துவிடுங்கள், சாம்சங் என்றால் நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ் பட்டியலில் சேருங்கள். அதன் பிறகும் தாமதமானால்தான் போன் மேல் குறை.

ஆனால் எல்லாத் தாமதமும் போனால் வருவது இல்லை. கம்பெனி டொமைனில் ஐமேப் கணக்கு வைத்திருப்பவர்கள் அதை ஜிமெயில் ஆப்பில் சேர்த்தால், ஜிமெயில் கணக்கு போல உடனுக்குடன் வராது, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று குறித்த இடைவெளியில் போய் எடுத்துவரும். ஐபோனின் மெயில் ஆப்பில் ஜிமெயிலைச் சேர்த்தாலும் இதே கதைதான், ஜிமெயிலின் சொந்த ஆப்பைப் போட்டால் உடனே வரும். அவுட்லுக் ஆப் போட்டவர்கள் ஃபோகஸ்டு இன்பாக்ஸை அணைத்துவிடுங்கள். பையரின் மெயில் வந்திருந்தும் அதர் என்கிற பக்கத்தில் போய்க் கிடந்தால் அறிவிப்பு வராது.

இரண்டாவது, ஃபைல்கள். உங்களுக்கு வந்ததிலேயே பெரிய டெக் பேக்கை (ஆடையின் வரைபடமும் அளவும் உள்ள ஃபைலை) திறங்கள், அகலமான எக்ஸல் பேக்கிங் லிஸ்ட்டைத் திறங்கள், கடைசி நெடுவரிசை வரை நகர்த்தி ஒரு எண்ணை மாற்றிச் சேமித்துத் திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரு வேலையில் திரையின் அளவு, ரேம், சேமிப்பின் வேகம் எல்லாம் ஒன்றாகத் தெரிந்துவிடும். மெஷர்மெண்ட் சார்ட்டைப் பெரிதாக்கும்போது இழுத்து இழுத்து வந்தால் அந்த போன் ஒரு வருடத்தில் இன்னும் மந்தமாகும். 8 ஜிபி ரேமுக்குக் குறைந்து இப்போது வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவதாகச் சொல்வது போனைப் பற்றியது இல்லை, இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் கணக்கில் வருகிறது. அதே 15 ஜிபியைத்தான் ஜிமெயிலும் பகிர்ந்துகொள்கிறது. சாம்பிள் போட்டோவும் வீடியோவும் வாட்ஸ்அப்பில் குவிந்து அந்த இடம் நிரம்பினால், உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். புது போனில் முதல் நாளே வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவை அணைத்துவிடுங்கள், அல்லது பேக்கப்பை வேறொரு கூகுள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

6. அன்றாடப் பயன்பாடு

நம் தொழிலில் கேமராவுக்கு ஒரு தனி வேலை உண்டு, ஷேட். லேப் டிப்பை (சாயம் போட்ட மாதிரித் துண்டை) படம் எடுத்துப் பையருக்கு அனுப்புகிறோம். இதற்கு மெகாபிக்சல் உதவாது, நிறத்தை எவ்வளவு நேர்மையாகப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு சிவப்பு, ஒரு நேவி, ஒரு மெலாஞ்ச் துணியை, பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்து, லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம் போன்ற) விளக்கில் ஒருமுறையும் டிஎல்84 (கடை விளக்கு போன்ற) விளக்கில் ஒருமுறையும் எடுங்கள். தாள் படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ திரும்பியிருந்தால் ஒயிட் பேலன்ஸை நீங்களே பூட்டி வைக்கிற ப்ரோ மோடு அந்த போனில் இருக்க வேண்டும். சிவப்பு எரிந்து மடிப்பே தெரியாமல் போனால் அந்த கேமரா துணிக்கு ஆகாது. பார்க்கும் பக்கமும் முக்கியம்: திரையை விவிட் மோடிலிருந்து நேச்சுரலுக்கு மாற்றுங்கள், ஐ கம்ஃபர்ட்டை அணையுங்கள். இத்தனையும் செய்தாலும் போன் படத்தை வைத்து ஷேட் ஓகே வாங்க வேண்டாம், கூரியரில் துண்டு போய்ச் சேர்ந்துதான் அப்ரூவல்.

வாட்ஸ்அப் இரண்டு நம்பருக்கும் ஒரே ஆப்பில் வைக்க இப்போது வழி இருக்கிறது, இல்லையென்றால் ஒன்றுக்கு சாதாரண வாட்ஸ்அப்பும் மற்றதற்கு வாட்ஸ்அப் பிசினஸும். தமிழ் கீபோர்டில் குரலால் டைப் செய்வதை அந்தச் சத்தத்திலேயே சோதித்துப் பாருங்கள், டிரைவருக்கு வழி சொல்ல அது பெரிய உதவி. கைரேகை சென்சார், சாயமும் பஞ்சும் ஒட்டிய விரலை எடுத்துக்கொள்கிறதா பாருங்கள். சேமிப்பு 256 ஜிபி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

7. பேட்டரி

எம்ஏஹெச் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு சிம்மும் போட்டு, மெயில் ஒத்திசைவு எல்லாம் திறந்து, ஒரு முழு வேலை நாள் ஓட்டுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் போன் டவரை எட்டிப் பிடிக்க அதிக சக்தி செலவழிக்கும், அதனால் நாள் முழுக்கக் குடோனில் இருப்பவருக்கும் ஆபீஸ் வைஃபையில் இருப்பவருக்கும் ஒரே போனில் வேறு வேறு கணக்கு வரும். இரவு ஒன்பது மணிக்கு 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல போன். புதிதாக இருக்கும்போதே மாலை ஆறு மணிக்குச் சார்ஜர் தேடினால் இரண்டு வருடம் கழித்து மதியத்திலேயே தேடுவீர்கள். 5ஜி விட்டு விட்டு வருகிற இடத்தில் 4ஜியில் பூட்டி வைத்து இன்னொரு நாள் பாருங்கள், நல்ல வித்தியாசம் தெரியலாம். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

8. பாதுகாப்பும் ஆவணமும்

*#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஆங்கில எழுத்தில் கேஒய்எம் என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் விவரம் வரும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கவும் இந்த எண்தான் கேட்பார்கள், ஆகவே போனுக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள்.

கம்பெனி வாங்கி ஊழியருக்குக் கொடுக்கிற போன் என்றால் ஆண்ட்ராய்டின் ஒர்க் ப்ரொஃபைலைப் பற்றிக் கேளுங்கள். ஆபீஸ் மெயில், ஆபீஸ் தொடர்புகள் எல்லாம் தனி அறையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அந்த அறையை மட்டும் அணைத்து வைக்கலாம், வேலையை விட்டுப் போனால் அவர் குடும்பப் படங்களைத் தொடாமல் ஆபீஸ் பகுதியை மட்டும் அழிக்கலாம். ஊழியருக்கும் முதலாளிக்கும் இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பில்லில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். போனுக்கு 18 சதவீதம் வரி, தொழிலுக்கு வாங்கியது என்றால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம், ஆனால் அப்படி எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் காட்டக் கூடாது. பில் போட்ட பிறகு எண்ணைச் சேர்க்கச் சொன்னால் கடைக்காரர் இழுத்தடிப்பார், முன்பே சொல்லிவிடுங்கள்.

9. வைத்துக்கொள்வது என்று முடிவானால்

பழைய போனை உடனே விற்றுவிடாதீர்கள். யுபிஐ ஆப்பும் பேங்க் ஆப்பும் சிம்மோடு பிணைக்கப்பட்டவை, புது போனில் அந்த சிம்மைப் போட்டு, எஸ்எம்எஸ் போய், மறுபடி பதிவாக வேண்டும். சில வங்கிகள் ஆப்பைப் புதிதாகப் பதிந்த ஆரம்பத்தில் குறைந்த தொகைக்குத்தான் அனுமதிக்கும், எனவே சம்பளம் போடும் நாளில் போன் மாற்ற வேண்டாம். ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள் அதிலிருக்கும் கோடுகளைப் பழைய போன் கையில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும், பையரின் போர்ட்டலுக்குள் நுழைய அந்த ஆறு இலக்கம் இல்லையென்றால் அவர்கள் ஐடி ஆட்களுக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கால் ரெக்கார்டிங்குகள் தானாக வராது, அந்த ஃபோல்டரைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்து வையுங்கள். எல்லாம் வந்துவிட்டதா என்று ஒரு ஷிப்மெண்ட் முடியும் வரை பழைய போனை மேஜை டிராயரில் வைத்திருந்து, அதன் பிறகு கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, அப்புறம்தான் ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். கணக்கை நீக்காமல், போனைத் திறக்காமல் பட்டனை அழுத்தி ரிக்கவரி வழியாக ரீசெட் போட்டால் வாங்குகிறவரிடம் போன் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும்.